இருபத்துமூன்று காலிக் கட்டங்கள்

புது லிஸ்ட் ஒட்டிய அன்று காலையில்தான் மழை விட்டிருந்தது. யார்டு கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. வாராவாரம் ஷிஃப்ட் லிஸ்டை அதற்குள்தான் தொங்கவிடுவார்கள். அதுவரை சூப்பர்வைசர் கையால் எழுதி, அடித்துத் திருத்தி, ஓரத்தில் டீக்கறையோடு மாட்டும் தாள்தான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கோடு பிசகாமல் அச்சடித்த தாள் ஒன்று தொங்கியது. அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நம்பர் கிரேனுக்கு நேராகத் தங்கச்சியின் பெயரைத் தேடினேன். காணோம். கீழே கீழே என்று போனால் கடைசி வரியில் கிடந்தாள். தரை வேலை, கன்டெய்னர் சீல் சரிபார்ப்பு. காரணம், உயரத் தகுதி இல்லை.

தங்கச்சி என்கிறேனே தவிர, அவள் எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. எதிர் வீடு. மூன்றாவது மாடியில் என் கதவைத் திறந்தால் அவர்கள் கதவு. குடிவந்த முதல் நாளே "அண்ணே, சுத்தியல் இருக்கா?" என்று கேட்டு உறவை முடிவுசெய்துவிட்டாள். பதினோரு வருடம் ஆகிறது, சுத்தியல் இன்னும் திரும்பி வரவில்லை. அவள் தங்கச்சி ஆனதால் அவள் புருஷன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மச்சான். யார்டில் நான் எடைமேடை குமாஸ்தா. அவள் கிரேன் ஓட்டுகிறாள். அவன் ஆபீசில் கம்ப்யூட்டர். அந்த அச்சடித்த லிஸ்டைப் பெற்றெடுத்த புண்ணியவான் அவன்தான்.

அவள் வேலையைப் பற்றி நான் சொல்வதைவிட என் மெஷின் சொன்னால் நன்றாக இருக்கும். எங்கள் யார்டில் எடைமேடை மூன்றாம் நம்பர் கிரேனுக்கு நேர் கீழே இருக்கிறது. லாரி வந்து மேடையில் நிற்கும். மேலேயிருந்து பெட்டி இறங்கும். கன்டெய்னரைத்தான் நாங்கள் பெட்டி என்போம். மற்றவர்கள் இறக்கினால் என் மெஷினில் எண் எகிறிக் குதித்து, ஆடி, அப்புறம் அடங்கும். அவள் இறக்கினால் பால் காய்வதைப் போல நிதானமாக ஏறும். லாரிக்காரர்கள் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, "வச்சாச்சா?" என்று கேட்பார்கள். வைத்தது தெரியாமல் வைப்பாள். தொண்ணூற்றிரண்டு படி ஏறி ஒன்பது வருடமாக அந்தக் கேபினில் உட்கார்ந்தவளுக்குத்தான் உயரத் தகுதி இல்லையாம்.

பின்னாலேயே வந்து நின்றாள். தலையில் ஹெல்மெட், கையில் டிபன்.

"அண்ணே, அதுல என்ன போட்டிருக்குன்னு வாய்விட்டு வாசிங்க. என் கண்ணுக்குத்தான் தப்பா தெரியுதான்னு பாக்கணும்."

"உயரத் தகுதி இல்லைன்னு இருக்கு."

"யாருக்கு?"

"உனக்குத்தான் தங்கச்சி."

"ஓகோ" என்றாள். அண்ணாந்து தன் கிரேனைப் பார்த்தாள். பிறகு நேராக மேனேஜர் அறைக்கு நடந்தாள். எனக்கு வேடிக்கை பார்க்கிற புத்தி. கூடவே போனேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. யாரிடமும் சத்தம் போடாமல் காரியத்தைத் தள்ளிப்போடுவதில் கெட்டிக்காரர், அவ்வளவுதான். இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

"மறுபரிசோதனைக்கு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடும்மா. டவுன் ஆஸ்பத்திரியில கூப்பிடுவாங்க."

"எப்பக் கூப்பிடுவாங்க?"

"அஞ்சு வாரம், ஆறு வாரம் ஆகலாம்."

"முப்பது நாள் கேபின்ல உக்காரலைன்னா லைசென்ஸ் போயிடும் சார். திரும்ப எடுக்கணும்னா முப்பத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும். எனக்கு நாப்பத்தொண்ணு. இன்னிக்கு இறங்கினா நான் இனிமே ஏறவே முடியாது. தெரியும்ல?"

"ரூல் அப்படி இருக்கு. நான் என்னம்மா பண்றது?"

அவள் படிவத்தை வாசித்தாள். "'எனது உயரத் தகுதிக் குறைபாட்டை நீக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' எனக்கு என்ன குறைபாடு சார்?"

"அது கம்ப்யூட்டர்ல இருக்கும்மா."

"குறைபாடு கம்ப்யூட்டர்ல இருந்தா கம்ப்யூட்டரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. இல்லாத நோவைத் தீர்த்து வைங்கன்னு நான் எதுக்குப் பணிவா கேக்கணும்? இதுல கையெழுத்துப் போட்டா நோவு இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க வேலைக்கு வந்தாள். சீல் சரிபார்ப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. கிரேன் படிக்கட்டுக்கு எதிரே ஒரு மரப்பலகையைப் போட்டு, ஹெல்மெட்டோடு காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை உட்கார்ந்திருந்தாள். தூறினால் குடை. வெயில் வந்தாலும் குடை. யாராவது கேட்டால், "என் கிரேனுக்கு ஆள் வரட்டும்னு உக்காந்திருக்கேன்" என்பாள். அதற்குச் சம்பளமில்லாத விடுப்பு போட்டார்கள். போட்டால் போடட்டும் என்றாள்.

மூன்றாம் நம்பருக்குப் புது லிஸ்ட் ஏற்றிவிட்டது கழுகை. பழைய கிரேன்காரர், அந்தக் காலத்துக் கண் கூர்மைக்குக் கிடைத்த பட்டப்பெயர். இரண்டு வருடமாக ஸ்டோர் ரூமில் கயிறும் கொக்கியும் எண்ணிக்கொண்டிருந்தார். ஏன் இறக்கினார்கள் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் குடைந்ததில்லை. லிஸ்டில் தன் பெயரைப் பார்த்ததும் பழைய கையுறையைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டு படியேறினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவரைப் பார்த்துக் கோபப்படவும் முடியவில்லை.

ஆனால் என் மெஷினில் எண் குதித்தது. பெட்டி பாதி வழியில் அந்தரத்தில் நின்றுவிடும். காற்று இல்லாத நேரத்திலும் நிற்கும். வியாழக்கிழமை அப்படி நின்றபோது தங்கச்சி குடையை மடக்கிவிட்டு எழுந்து நின்றாள். பெட்டி மறுபடி நகரும்வரை உட்காரவில்லை.

"கண்ணை மூடிட்டு உக்காந்திருக்காரு அண்ணே."

"கீழே இருந்து உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

வீட்டில் நிலவரம் அதைவிட மோசம். தங்கச்சிக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள். புருஷனை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவாள். "சார், தண்ணி சூடாயிடுச்சு." "சார், உங்க சட்டை காயலை." மாப்பிள்ளை பயந்த சுபாவம். படிக்கட்டில் யாராவது அவனை இடித்தால் அவன்தான் மன்னிப்புக் கேட்பான். எட்டு மாதத் தற்காலிக வேலை அவனுடையது. அடுத்த புதன்கிழமை தலைமை ஆபீசிலிருந்து புது சிஸ்டத்தைப் பார்க்க வருகிறார்கள். பார்த்துத் தலையாட்டினால் வேலை நிரந்தரம். ஆகவே ஐந்து நாளாக, "கையெழுத்துப் போட்டுடும்மா, உள்ளுக்குள்ள நான் சீக்கிரம் நகர்த்தறேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அந்தக் கெஞ்சல்தான் அவளை இன்னும் எரித்தது.

ஞாயிற்றுக்கிழமை யார்டு கிடையாது. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டாள். புருஷன் பெண்டாட்டி பேசாத வீட்டில் மூன்றாவது வாய் ஒன்று தேவைப்படும், அதற்கு நான். வெளியே விடாத மழை, ஜன்னல் முழுக்க ஈரத்துணி. வெங்காயம் தூக்கலாகப் போட்ட உருளைக்கிழங்கு, முட்டை, ரொட்டி. நான் வெட்கப்படாமல் மூன்றாவது முட்டையை எடுத்துக்கொண்டு கேட்டேன்.

"மாப்ளே, உன் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள அப்படி என்னதான் நடக்குது? எனக்கும் சொல்லேன்."

அவனுக்கு அதைச் சொல்ல யாராவது கேட்டால் போதும். முகம் தெளிந்துவிட்டது.

"நர்சம்மாகிட்ட எல்லாருக்கும் ஒரு அட்டை இருக்குல்ல மச்சான்? நானூறு அட்டை. அதையெல்லாம் நான் ஒரு ஃபைல்ல ஏத்தினேன். ஒரு ஆளுக்கு ஒரு வரி. பேரு, கமா, பிறந்த தேதி, கமா, லைசென்ஸ், கமா, உயரம். என் புரோகிராம் அந்த ஃபைலை மேலேர்ந்து கீழே படிக்கும். கமாவுக்குக் கமா பிரிச்சு, அது அதை அது அது கட்டத்துல உக்கார வச்சா, உள்ளே ஒரு ஆள் தயார். நானூறு வரி, நானூறு ஆள். யாரைக் கிரேன்ல ஏத்தலாம், யாரை வேணாம்னு அந்த ஆளுங்களைக் கேட்டுத்தான் லிஸ்ட் போடும்."

தங்கச்சி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப உள்ளே ஒருத்தி இருக்கா. என் பேரு, என் லைசென்ஸ், என் பிறந்த தேதி. ஆனா அவ நாலு படி ஏறினா மயக்கம் போட்டு விழறவ. எட்டு மாசமா அவளோடதான் குடும்பம் நடத்துனீங்களா சார்?"

"இல்லம்மா. உன் அட்டையில அந்தக் கட்டம் காலியா இருந்துச்சு. காலியா இருந்தா 'இல்லை'ன்னு எடுத்துக்கும். ஏதாவது எழுதியிருந்தா 'உண்டு'. டவுன் ஆஸ்பத்திரி போன புது ஆளுங்க அட்டையில எல்லாம் 'தகுதி'ன்னு முத்திரை இருக்கு, அதனால அவங்களுக்கு உண்டு. உங்களை மாதிரிப் பழைய ஆளுங்க இருபத்துமூணு பேருக்குக் காலி. நீங்க எல்லாரும் நர்சம்மாகிட்ட மட்டும் காட்டினவங்க."

"மத்தவங்க ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"அவங்கள்ல யாரும் இப்ப உயரத்துல வேலை பாக்கலை. நீ மட்டும்தான்."

"காலின்னா இல்லைன்னு யாரு சொன்னது?"

மாப்பிள்ளை ரொட்டியைப் பிய்த்தான். "நான்தான் எழுதினேன்."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. என் தொழிலில் கைவைத்த மாதிரி இருந்தது.

"ஏன் மாப்ளே, என் மெஷின்ல பூஜ்யம் காட்டினா மேடையில வண்டி இல்லைன்னு அர்த்தம். ஒண்ணுமே காட்டலைன்னா மெஷின் செத்துப்போச்சுன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணுன்னு நான் சீட்டு குடுத்தா என்னையே தூக்கி மேடையில வச்சு எடை போட்டுடுவாங்க. எழுதலைன்னா உனக்குத் தெரியலைன்னுதானே அர்த்தம்? தெரியலைன்னா கேக்க வேண்டியதுதானே? நர்சம்மா ரெண்டு கட்டடம் தள்ளித்தானே உக்காந்திருக்கு?"

தங்கச்சி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது எழுதியிருந்தா உண்டுன்னு சொன்னீங்களே. ஏதாவதுன்னா எது வேணாலுமா?"

"ம்."

"'செத்துட்டான்'னு எழுதியிருந்தா?"

அவன் கையில் எடுத்த ரொட்டி வாய்க்குப் போகவில்லை. எழுந்துபோய்க் கையைக்கூடத் துடைக்காமல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மேசையில் திறந்தான். நானூறு வரி. விரலால் தடவிக்கொண்டே இறங்கினான். தகுதி, தகுதி, காலி, தகுதி. நூற்றுப் பதினேழாவது வரியில் விரல் நின்றது. கழுகின் வரி. இரண்டு வருடத்துக்கு முன்பே காலாவதியான லைசென்ஸ் நம்பர்கூட அதில் அடிக்கப்படாமல் கிடந்தது. உயரம் என்ற கட்டத்தில் இரண்டு சொல்: மயக்கம் இருமுறை.

அதை நானூறு அட்டைக்கு நடுவில் தட்டியதும் அவன்தான். கண் பார்த்தது, விரல் தட்டியது, மூளைக்குப் போகவில்லை. நர்சம்மாவின் வழக்கம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். உடம்பில் ஏதாவது கோளாறு இருந்தால்தான் பேனாவைத் திறப்பாள். ஒன்றும் இல்லாவிட்டால் கட்டத்தைச் சும்மா விட்டுவிட்டு முதுகில் ஒரு தட்டு தட்டி அனுப்புவாள். எழுதாமல் விட்ட கட்டம்தான் அவளிடம் நல்ல பெயர். இது தெரியாத ஒரே பிராணி, அட்டைகளை வாங்கிப் போய் ஆபீசில் உட்கார்ந்து தட்டிய என் மாப்பிள்ளை. நல்லா இருக்கிறவளைத் தரையில் இறக்கி, மயங்கி விழுகிறவரைக் கிரேனில் ஏற்றிவிட்டான்.

அப்போதே மேனேஜருக்குப் போன் போட்டான். புதன்கிழமை வரை லிஸ்டைத் தொடக் கூடாது, கழுகிடம் நிதானமாக ஓட்டும்படி தானே சொல்லிவிடுவதாக அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "சரி சார்" என்று போனை வைத்தான்.

"சரின்னுட்டீங்க" என்றாள் தங்கச்சி.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "வாய் பழக்கத்துல வந்துடுச்சு. டீ போட்டுக் குடு."

பதினோரு வருடத்தில் அவன் யாரையாவது ஏவி நான் கேட்டதே இல்லை. அவளும் போட்டுக்கொடுத்தாள். இருட்டுவதற்குள் எழுதி முடித்துவிட்டான். மொத்தம் ஆறு வரியாம். ஆறு வரிக்கு இவ்வளவு வியர்வையா என்று கேட்டதற்கு, அழித்த ஒரு வரிக்குத்தான் வியர்வை என்றான்.

திங்கட்கிழமை காலை கண்ணாடிப் பெட்டிக்குள் லிஸ்ட் இல்லை. வேறு ஒரு தாள் இருந்தது.

"ஷிஃப்ட் லிஸ்ட் தயாராகவில்லை. இருபத்துமூன்று பேரின் உயரத் தகுதி எழுதப்படவில்லை. 117ஆம் வரியில் இருப்பது தகுதிச் சொல் இல்லை. இவர்களிடம் கேட்காமல் லிஸ்ட் போடப்படாது."

கீழே இருபத்துநாலு பெயர்கள். ஆறு கிரேனும் கொக்கியைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றன. கேட்டிலிருந்து ரயில் கேட் வரை லாரி வரிசை. ஹாரன் சத்தத்தில் காது போயிற்று. நான் மேடையில் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், பொறுக்கமுடியாமல் ஆபீசுக்குள் நுழைந்தேன்.

மேனேஜர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்திக்கொண்டிருந்தார். "பழையபடி மாத்துய்யா! காலியா இருந்தா இல்லைன்னு போடு, இல்ல உண்டுன்னு போடு, ஏதோ ஒண்ணைப் போடு! லிஸ்ட் வரணும்!"

"ஏதோ ஒண்ணைப் போட்டதுலதான் சார் இவ்வளவும் ஆச்சு" என்றான் மாப்பிள்ளை. குரல் நடுங்கியது. நடுங்கியபடியேதான் பேசினான். "தெரியாத ஆளை இனிமே உள்ளே உருவாக்காது. நின்னுடும். கேக்கும். நாம பதில் சொல்லணும்."

"புதன்கிழமை வர்றவங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

"நின்னுச்சுன்னு சொல்லுங்க. ஏன் நின்னுச்சுன்னு கேட்டா என்னைக் கூப்பிடுங்க."

"உன் வேலை என் கையெழுத்துல இருக்கு. தெரியுமா?"

"தெரியும் சார்." எழுந்தான். நாற்காலியை அவர் பக்கம் தள்ளினான். "பழைய வரி இதோ திரையில இருக்கு. நான் அதை மறுபடி எழுத மாட்டேன். நீங்க உக்காந்து தட்டுங்க. தட்டினா பக்கத்துலயே யாரு தட்டினதுன்னு பேரு விழும். இத்தனை நாள் என் பேரு விழுந்துச்சு. இன்னிக்கு உங்க பேரு விழட்டும்."

நாற்காலி லேசாகச் சுற்றி நின்றது. மேனேஜர் அதைப் பார்த்தார். நூற்றுப் பதினேழாவது வரியைப் பார்த்தார். வெளியே ஹாரன் கிழிந்தது. அவர் உட்காரவில்லை.

"நர்சைக் கூப்பிடு" என்றார், யாரிடமோ.

நர்சம்மா அட்டைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு மூக்குமேல் கோபம். "இருபது வருஷமா எழுதறேன். நல்லா இருக்கிறவங்களைப் பத்தி எழுத என்ன இருக்கு? இத்தனை பேர் இருக்கீங்க, ஒருத்தருக்கு என்கிட்ட வந்து கேக்கக் கால் இல்லையா?" அதற்கு எல்லோரும் தரையைப் பார்த்தோம். மேனேஜரும் பார்த்தார்.

அங்கேயே வரிசை கட்டினார்கள். நர்சம்மா அட்டையைப் பார்ப்பாள், ஆளைப் பார்ப்பாள். மாப்பிள்ளை ஒரே கேள்வியைக் கேட்பான், பதிலைத் தட்டுவான், நர்சம்மா அட்டையில் கையெழுத்துப் போடுவாள். மூன்று பேர், இனிமேல் உயரம் வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். கேட்டதால்தானே அதுவும் தெரிந்தது. கடைசியாக என் தங்கச்சி வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமல் மேசைமுன் நின்றாள்.

கேட்டே ஆகவேண்டும். அவன் ஆறு வரி அப்படி. தொண்டையைச் செருமினான்.

"உயரத்துல தலை சுத்துமா?"

"உயரத்துல சுத்தாது" என்றாள். "வீட்டுலதான் ஒரு வாரமா சுத்துது."

நர்சம்மா சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. தட்டினான். "தப்பு என்னோடதும்மா" என்றான், அத்தனை பேர் முன்னாலும், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"தெரியுதுங்க" என்றாள். 'சார்' போய்விட்டது. எனக்குத்தான் ஏனோ கண் கலங்கிவிட்டது, வெங்காயத்தைக்கூடக் காரணம் சொல்ல முடியாத இடத்தில்.

கழுகு வரிசைக்கு வரவில்லை. மூன்றாம் நம்பர் படிக்கட்டின் அடியில், கையுறையோடு நின்றுகொண்டிருந்தார். தங்கச்சி எதிரே போய் நின்றாள்.

"லிஸ்ட்ல உண்டுன்னு வந்துச்சும்மா" என்றார். "எனக்கே ஒரு நிமிஷம், டாக்டருங்கதான் தப்பா சொல்லிட்டாங்களோன்னு ஆயிடுச்சு."

"மேலே எத்தனை தடவை கண்ணை மூடினீங்கண்ணே?"

"நாலு."

"நான் அஞ்சு எண்ணினேன்."

அவர் கையுறையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். "ஆமா, அஞ்சுதான்" என்றார். படிக்கட்டை விட்டு விலகி வழிவிட்டார்.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளைக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கடிதத்தைச் சமையலறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறாள் தங்கச்சி, என் சுத்தியலால்தான். ஆனால் அதெல்லாம் பிறகு.

அப்போது மணி ஒன்பது. தொண்ணூற்றிரண்டு படி. ஒரு வார இடைவெளிக்குப் பிறகு அவள் ஏறுவதை லாரிக்காரர்கள்கூட ஹாரனை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நடுவில் அவள் ஒருதரமும் நிற்கவில்லை. ஆபீஸ் ஜன்னலில் மாப்பிள்ளை நின்றான். கேபின் கதவு சாத்தும் சத்தம். என் வாக்கிடாக்கி கரகரத்தது.

"எடை அண்ணே, மேடையில என்ன காட்டுது?"

காலி லாரி ஏறி நின்றதும் அதன் எடையைக் குறித்துக்கொண்டு மெஷினைத் துடைத்துப் பூஜ்யமாக்கி வைத்திருந்தேன். "பூஜ்யம். நல்ல பூஜ்யம்."

"அப்ப பெட்டி வருது."

வந்தது. எங்கும் நிற்காமல், ஆடாமல், ஒரே இழுப்பில் இறங்கியது. என் மெஷினில் எண் ஒவ்வொன்றாக ஏறியது, ஏறி நின்றது. லாரிக்காரன் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான்.

"வச்சாச்சா?" என்றான்.